இரு மரபுகள், ஒரே திருவிருந்து: கம்பம் பள்ளத்தாக்கில் ஆங்கிலிக்க வழிபாட்டு மரபு

தேனி, பெரியகுளம், போடிநாயக்கனூர், கம்பம் ஆகிய ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களையும் உள்ளடக்கிய தென்னிந்தியத் திருச்சபைச் சேகரங்களின் ஞாயிறு ஆராதனை, ஒழுங்குமுறையில் ஆங்கிலிக்க மரபையும், பாட்டிலும் சபை நடத்தையிலும் அமெரிக்க மதுரை மிஷனின் மரபையும் ஒருங்கே தாங்கி நிற்கிறது. ஆங்கிலிக்க மரபு என்பது, 16ஆம் நூற்றாண்டில் உரோமையின் ஆளுகையிலிருந்து விலகிய இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த மரபு. பேராயரின் மேற்பார்வையும், எல்லாச் சபைகளுக்கும் பொதுவான எழுதப்பட்ட ஜெபப்புத்தகமும் அதன் அடிப்படைகள். இப்பள்ளத்தாக்கின் சபைகளுக்கு அம்மரபு ஆட்சியாளரின் சமயமாக வந்து சேரவில்லை. இரு வேறு சபைக் குடும்பங்கள் மனமொத்து இணைந்ததன் பயனாக வந்தது. ஆகவே, அது இங்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட விதமும் பெற்ற வடிவமும் தனித்து ஆராயத்தக்கவை.

பள்ளத்தாக்கும் மலைமுகடும்

1996இல் தேனி தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி மதுரையோடு இணைந்திருந்தது. 1834இல் மதுரையில் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் பெரியகுளத்தையும் தம் பணித்தளங்களுள் ஒன்றாக்கினர். வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, 1845இல் அவர்கள் கோடைக்கானல் மலையில் குடில்கள் அமைத்தபோது, அம்மலைக்கு ஏறும் வழியும் பெரியகுளத்தை ஒட்டியே சென்றது. இவர்களுள் பெரும்பாலோர் காங்கிரிகேஷனல் மரபினர். அதாவது, பேராயர் எவருக்கும் கட்டுப்படாமல் ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்றும், ஜெபம் நூலைப் பார்த்து வாசிக்கப்படாமல் உள்ளத்திலிருந்து எழவேண்டும் என்றும் கொண்டவர்கள். ஆங்கிலிக்க ஆலயங்களோ பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைகளில், கோடைக்கானலின் தூய பேதுரு ஆலயமாகவும், 1910இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மூணாறு கிறிஸ்து ஆலயமாகவும், பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளுக்காகவும் தோட்டத்துரைகளுக்காகவும் எழுந்தன.

ஜெபப்புத்தகம் தமிழ் மக்களின் உடைமையானது

ஆங்கிலிக்க வழிபாடு தமிழ் மண்ணில் ஆழ வேரூன்றியது திருநெல்வேலியிலும் இராமநாதபுரத்திலுமாகும். ஆங்கிலிக்க மிஷனரி அமைப்புகளான சர்ச் மிஷனரி சங்கமும் எஸ்.பி.ஜி. சங்கமும் அங்கு வளர்த்த சபைகளில், 1549இல் கான்டர்பரி பேராயர் கிரான்மரால் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டு, 1662இல் நிலைபெற்ற வடிவத்தை எய்திய பொது ஜெபப்புத்தகம் தமிழில் வழங்கியது; அதன் தமிழ்த் திருத்தப்பணியில் மிஷனரி கால்டுவெல்லும் பங்குபெற்றார். குருவானவர் எப்போதாவது மட்டுமே வரக்கூடிய சிற்றூர்களில், உபதேசியார் என்னும் சபை ஊழியர் காலையிலும் மாலையிலும் மணியடித்து மக்களைக் கூட்டி ஜெபம் நடத்தினார். எழுத்தறியாதோரும் பாவ அறிக்கையையும் விசுவாசப் பிரமாணத்தையும் மறுமொழிகளையும் கேட்டுக்கேட்டே மனப்பாடமாக்கினர். கல்வி மறுக்கப்பட்டிருந்த குடும்பங்களுக்கு இந்த மனப்பாடம், குருவானவர் இல்லாதபோதும் தாமே வழிபடும் உரிமையைத் தந்தது என்பது மறக்கத்தக்கதன்று.

1947: இணைப்பும் உறுதிமொழியும்

திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயர் என்ற இடத்தைப் பெற்ற வே.ச. அசரியா, 1919இல் தரங்கம்பாடியில் கூடிய ஊழியர்களோடு சபை ஐக்கியத்துக்கான அறைகூவலை விடுத்தார். அவர் 1945இல் மறைந்தார். அவர் காணாத அந்த ஐக்கியம் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது. மதுரை மிஷனின் காங்கிரிகேஷனல் சபைகளும் இராமநாதபுரத்தின் ஆங்கிலிக்க சபைகளும் ஒரே திருமண்டலமாக, அதாவது ஒரு பேராயரின் ஆளுகைக்குட்பட்ட சபைத்தொகுதியாக, இணைந்தன. அதன் முதல் பேராயரான லெஸ்லி நியூபிகின் இவ்விரு மரபுகளையும் சாராத ஸ்காட்லாந்துத் திருச்சபை ஊழியர் என்பது குறிப்பிடத்தக்கது. எந்தச் சபைமீதும் அதன் மனச்சாட்சி ஒப்பாத வழிபாட்டு முறை திணிக்கப்படாது என்ற உறுதிமொழி ஐக்கியத்தின் அடித்தளமாக இருந்ததால், பள்ளத்தாக்கின் மக்கள் ஜெபப்புத்தக ஒழுங்கைக் கட்டளையாகக் கருதாமல் கொடையாக ஏற்க முடிந்தது.

1950இல் வெளிவந்த திருவிருந்து ஆராதனை முறைமையும், 1963இன் பொது ஆராதனை நூலும் இந்தப் பகிர்வின் கனிகள். குருவானவர் திருமேசைக்குப் பின்னால் மக்களை நோக்கி நிற்பதும், அப்பமும் இரசமும் மக்கள் நடுவிலிருந்து பவனியாகக் கொண்டுவரப்படுவதும், ஒருவர் கூப்பிய கைகளை மற்றவர் தம் உள்ளங்கைகளுள் ஏந்திச் சமாதானம் பகிர்வதும் அம்முறைமையில் இடம்பெற்றன. இவற்றுள் சமாதானம் பகிர்தல் கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து பெறப்பட்டது. தீண்டாமையின் சுவடுகள் நீங்காத ஊர்களில், அருகில் அமர்ந்தவர் எக்குலத்தவராயினும் அவர் கைகளைப் பற்றியாக வேண்டும் என்ற ஒழுங்கு வெறும் சடங்கன்று. திருவிருந்து கோரும் சமத்துவத்தின் செயல்வடிவம் அது.

கொண்டதும் கொடுத்ததும்

பள்ளத்தாக்கின் பழைய மரபு பெற்றதோடு நில்லாமல் தானும் வழங்கியது. மதுரை மிஷனின் எட்வர்ட் வெப், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களை உள்ளடக்கி, 1853இல் தொகுத்து வெளியிட்ட கீர்த்தனை நூல், இராக தாளத்தோடு கூடிய தமிழ்ப் பாடலை ஆராதனையின் நடுவே அமர்த்தியது. மேனாட்டு மெட்டுகளில் அமைந்த பாமாலையும் தமிழ்க் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் அடுத்தடுத்து ஒலிப்பதும், மக்கள் தெரிந்தெடுக்கும் சேகரக் குழு குருவானவரோடு சேர்ந்து சபைக் காரியங்களை நடத்துவதும், வீட்டு ஜெபக் கூட்டங்களில் பெண்கள் தம் சொந்தச் சொற்களில் மன்றாடுவதும் அவ்விரு மரபுகளின் இணக்கத்துக்குச் சான்றுகள்.

ஆங்கிலிக்க மரபு தந்த திருச்சபை ஆண்டு, அதாவது கிறிஸ்துவின் வாழ்வைப் பன்னிரு மாதங்களில் வரிசைப்படுத்தும் காலமுறை, இம்மண்ணின் வேளாண்மையோடு எளிதில் பொருந்தியது. கிறிஸ்துவின் வருகைக்கு ஆயத்தமாகும் ஞாயிறுகள், நாற்பது நாள் லெந்து காலம், பெரிய வெள்ளியின் மும்மணி நேரத் தியானம், உயிர்ப்பு ஞாயிற்றின் விடியற்கால ஆராதனை ஆகியவற்றோடு அறுப்பின் பண்டிகையும் இங்கு பெருவிழாவாகிறது. 1895இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கிழக்கே திருப்பப்பட்டதன் பயனாய் இருபோகம் கண்ட இப்பள்ளத்தாக்கில், நெல்லும் வாழைத்தாரும் தேங்காயும் திராட்சையும் காணிக்கையாகத் திருமேசையின் முன் குவிந்து, ஆராதனைக்குப் பின் ஏலத்தில் சபையின் பொதுப்பணமாகின்றன. 

எழுதப்பட்ட ஜெபம் உயிரற்றது என்றும், முன்னேற்பாடற்ற ஜெபமே உண்மையானது என்றும் சொல்வோர் இன்று பலர். இப்பள்ளத்தாக்கின் சபைகள் இரண்டையும் நடைமுறையில் கண்டு, இரண்டும் வேண்டும் எனத் தெளிந்தவை. தன் துயரைத் தன் சொற்களில் சொல்லும் உரிமையைத் தனிஜெபம் காக்கிறது. துயரில் சொல்லிழந்து நிற்பவருக்காகச் சபை முழுவதும் சேர்ந்து சொல்லும் ஆற்றலைப் பொது ஜெபம் தருகிறது. ஆதலின், முறைமையின் மறுமொழிகளைப் பொருளோடு பிள்ளைகளுக்குக் கற்பிப்பதும், கீர்த்தனைகளை அவற்றின் இராகங்களோடு பாடப் பயிற்றுவதும் ஓய்வுநாள் பாடசாலைகளின் தலையாய கடமையாகக் கொள்ளப்பட வேண்டும். முன்னோர் மனமுவந்து செய்துகொண்ட ஐக்கியம், அதன் பயனை அறிந்து வழிபடும் தலைமுறைகளாலேயே நிலைபெறும்.