நெகட்டிவ்னு வந்த ஒரு வரி

எங்க ஊர் பெருமுக்கல், திண்டிவனத்துல இருந்து மரக்காணம் போற ரோட்டுல. மலைமேல இருக்கிற சிவன் கோயிலைப் பத்தி நிறையப் பேசலாம். ஆனா இன்னைக்குப் பேசப் போறது ஒரு சதைத் துண்டைப் பத்தி.

எங்க பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிஞ்சு வந்த ரிப்போர்ட்ல 'ஈ.ஆர். நெகட்டிவ்'னு ஒரு வரி. அதாவது, ஹார்மோன் மாத்திரை அவங்களுக்குப் பலன் தராது. அந்த வரி எங்கிருந்து வந்துச்சு?

1896-ல் கிளாஸ்கோ டாக்டர் ஜார்ஜ் பீட்சன், சினைப்பையை எடுத்தா சில பெண்களுக்கு மார்பகக் கட்டி சுருங்குதுன்னு எழுதினார். ஏன் சிலருக்கு மட்டும்? 1950-களின் கடைசியில சிகாகோவுல எல்வுட் ஜென்சன், ஈஸ்ட்ரோஜன்ல கதிரியக்க ஹைட்ரஜனைச் சேர்த்து அது உடம்புல எங்க போகுதுன்னு பார்த்தார். சில திசுக்கள் மட்டும் அதைப் பிடிச்சு வெச்சுக்கிட்டன. பிடிக்கிற அந்தப் புரதம்தான் ஏற்பி. கட்டியில ஏற்பி இருந்தாத்தான் ஹார்மோன் சிகிச்சைக்குப் பலன்.

ஆரம்பத்துல இந்தச் சோதனைக்கு உடனே உறைய வெச்ச திசு வேணும். பிறகு ஆன்டிபாடி முறை வந்தது. ஃபார்மலின்ல ஊறி மெழுகில் பதிச்ச துண்டே போதும். ஏற்பி இருந்தா செல்லின் உட்கரு பழுப்பாகும்.

2000-ல் மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் ஆய்வு, 798 கட்டிகள்ல சுமார் மூணுல ஒண்ணுதான் ஈ.ஆர். பாசிட்டிவ்னு சொன்னது. மேலை நாடுகள்ல கிட்டத்தட்ட முக்கால்வாசி. நமக்கு வர்றதே வேற நோயா? 2009-ல் அங்கிருந்தே வந்த இன்னொரு ஆய்வுல பாதிக்கு மேல பாசிட்டிவ். திசுவைப் பதப்படுத்துற விதமும் முடிவைக் கணக்கிடுற விதமும் முக்கியக் காரணம்னு அது சொன்னது. 2010-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்படி 6 முதல் 72 மணி நேரம் ஃபார்மலின்ல ஊறணும். 1 சதவீத செல் பழுப்பானாலே பாசிட்டிவ்.

பெரியம்மாவோட கட்டி ராத்திரி பூரா ஃபார்மலின் இல்லாம கிடந்திருக்கு. இரண்டாவதா ஸ்லைடைப் பார்த்த டாக்டர், "கட்டிக்குப் பக்கத்துல இருக்கிற நல்ல பால்குழாய் செல்கூடப் பழுப்பாகலையேம்மா. இது நெகட்டிவ் இல்லை, டெஸ்டே ஃபெயில்"னார். முதல்ல ஊசியில எடுத்த பயாப்சி துண்டு ஒழுங்கா ஊறியிருந்தது. அதுல பார்த்தா, பாசிட்டிவ். இப்போ தினம் ஒரு மாத்திரை.

உங்க வீட்ல இப்படி ரிப்போர்ட் வந்தா ரெண்டு கேள்வி கேளுங்க: கட்டி எவ்வளவு நேரத்துல ஃபார்மலினுக்குப் போச்சு? பக்கத்து நல்ல செல் பழுப்பாச்சா?