துறைமுக நகரில் ஒரு கல்விக்கூடம்

திருகோணமலை என்றதும் நேயர்களின் நினைவுக்கு முதலில் வருவன கோணேசர் கோயிலும் இயற்கைத் துறைமுகமுமாம். அத்துறைமுகத்தை அண்டி வளர்ந்த இந்துக் கல்லூரியின் வரலாற்றை இன்று நோக்குவோம்.

ஆங்கிலேயர் 1795ஆம் ஆண்டில் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1957 வரை அத்துறைமுகம் அவர்தம் கடற்படைத் தளமாயிருந்தது. தளத்திலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இலிகிதராய் அமர ஆங்கிலக் கல்வி வேண்டப்பட்டது. அக்கல்வியைப் பெரிதும் அளித்தவை கிறித்தவ சமயத்தார் நிறுவிய பாடசாலைகள். அவர்தம் தொண்டு மறக்கற்பாலதன்று. ஆயினும் தம் மக்கள் சைவச் சூழலிலும் கற்க வேண்டுமெனப் பெற்றோர் விழைந்தனர். 1848இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிலே ஆறுமுக நாவலர் காட்டிய வழி அவர்கட்கு முன்மாதிரியாயிற்று. 1897இல் திருகோணமலை இந்துக் கல்லூரி தோன்றியது. பெண்மக்களுக்கென 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் ஸ்ரீ சண்முக வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

அக்காலத்து மாணவர் வாழ்வில் ஒரு பிளவு இருந்தது. ஆங்கிலப் பாடசாலையிலே கணிதமும் சரித்திரமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பெற்றன. அதற்குக் கட்டணமும் உண்டு. கட்டணம் செலுத்த இயலாதார் பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலைக்குச் சென்றனர். அவர்கட்கு உயர்கல்வியின் வாயில் அடைபட்டிருந்தது. ஒரே தெருவில் பிறந்த இருவரில் ஒருவன் கந்தோருக்கும் மற்றவன் தோணிக்கும் செல்லுமாறு கட்டணமும் மொழியும் வகுத்துவிட்டன.

1925இல் கல்லூரியை இராமகிருஷ்ண சங்கம் ஏற்றது. அதன் பொறுப்பை வகித்தவர் விபுலாநந்த அடிகள். காரைதீவிலே 1892இல் பிறந்த அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். தமிழ் கற்றவர்க்கு விஞ்ஞானம் எட்டாது, விஞ்ஞானம் கற்றவர்க்குத் தமிழ் வேண்டாம் என்னும் எண்ணத்திற்கு அவர் வாழ்வே மறுப்பாயிற்று. விஞ்ஞானத்தைத் தமிழிற் கூற வேண்டுமாயின் சொற்கள் வேண்டுமன்றோ? சென்னையில் 1930களில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணியிலும் அவர் பங்குகொண்டார். 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே பண்டை இசையைக் கணித முறையால் ஆராய்ந்து காட்டினார்.

1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. ஊரின் அமைதி குலைந்தது. போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே, கன்னங்கரா முன்னின்று கொணர்ந்த இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பின்னர், 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் உதவி பெற்ற பாடசாலைகள் அரசின் கைக்கு வரத் தொடங்கின. ஆயினும் இராமகிருஷ்ண சங்கத்தின் பெயர் இன்றும் இக்கல்லூரியின் பெயரோடு இணைந்தே வழங்குகிறது.

கட்டணத்தை ஒரு சட்டம் நீக்கிவிடலாம். மொழியால் எழுந்த தடையை நீக்குதற்கோ, இரு துறையும் கற்ற ஆசிரியரும், நல்ல நூல்களும், தக்க சொற்களும் வேண்டும். அப்பணி ஓராண்டில் முடிவதன்று, தலைமுறைதோறும் செய்யற்பாலது.