ஒரு வரிக் கட்டளைக்குப் பின்னால்

லினக்ஸில் லிப்ரேஆபிஸை நிறுவ டெர்மினலில் ஒரு வரி போதும்: ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ரேஆபிஸ்’. காசு ஒரு பைசா கிடையாது. ஆனா அந்த வரிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கு.

ஜெர்மனியில் பிறந்த ஸ்டார்ஆபிஸை 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. 2000இல் அதன் மூலநிரலைத் திறந்துவிட்டது; அதுதான் ஓப்பன்ஆபிஸ். தமிழ் ஆர்வலர்கள் அதன் மெனுக்களைத் தமிழாக்கினார்கள். சன்னை ஆரக்கிள் வாங்கியபின், 2010இல் ஒரு குழு பிரிந்துவந்து லிப்ரேஆபிஸைத் தொடங்கியது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. அதில் விண்டோஸோடு, சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. படாளம் மாதிரி ஊர்களுக்கு லினக்ஸ் வந்த வழி அது.

சிக்கல் வேறு இடத்தில். அப்பா வானவில் எழுத்துருவில் அடித்துவைத்த பழைய மனுவை அதில் திறந்தால், தமிழுக்குப் பதிலா ஆங்கில எழுத்துகள் கொட்டிக் கிடக்கும். அந்த மாதிரி எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லையென்றால் தமிழும் இல்லை. 2010இல்தான் அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது.

மென்பொருளை நிறுவுவது கொஞ்ச நேர வேலை. பழைய ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றாவிட்டால், நம்ம வீட்டுத் தமிழையே நம்மால் படிக்க முடியாமல் போகும்.