திருட்டுகளில் பிறந்த பெட்டகம்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் பெரிய அறையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர்கள் காத்துக் கிடந்தார்கள். இந்த அவஸ்தையைத் தீர்க்க, ஒரே இயந்திரத்தைப் பலரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு உருவாக்கியது. ஆனால் எல்லோருடைய கோப்புகளும் ஒரே இயந்திரத்தில் இருந்தன. ஒருவருடையதை இன்னொருவர் பார்க்காமலிருக்க, ஆளுக்கொரு ரகசியச் சொல்லைக் கொடுத்தார் கோர்பட்டோ. பாஸ்வேர்டு கம்ப்யூட்டருக்குள் வந்தது இப்படித்தான் என்பார்கள். அந்த ரகசியச் சொற்கள் அத்தனையும் ஒரே கோப்பில் அப்படியே எழுதி வைக்கப்பட்டன. வம்பு அங்கேதான் காத்திருந்தது.

ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான் ஒதுக்கீடு. அவருடைய ஆராய்ச்சிக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. 1962-ல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, குறிப்பிட்ட ஒரு கோப்பை அச்சிட்டுத் தரும்படி ஆணையிடும் துளை அட்டை ஒன்றைத் தயாரித்து உள்ளே செருகினார். இயந்திரம் மறுகேள்வி கேட்கவில்லை. மறுநாள் காலை அச்சுத்தாள்கள் வைக்கும் இடத்துக்குப் போனால், எல்லோருடைய பாஸ்வேர்டும் தாளில் கிடந்தது. பிறர் பெயரில் நுழைந்து வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டார். அவராகவே ஒப்புக்கொள்ளும்வரை, கால் நூற்றாண்டு கோர்பட்டோவுக்கு அது தெரியாது. ஆனால் அடுத்த விபத்து ஊருக்கே தெரிந்தது.

1966-ல் ஒரு நாள் இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பாஸ்வேர்டு கோப்பைத் திருத்தினார். மற்றவர் அன்றைய வரவேற்புச் செய்தியைத் திருத்தினார். இரண்டு வேலைக்கும் கம்ப்யூட்டர் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் வரவேற்புச் செய்திக்குப் பதிலாக மொத்த பாஸ்வேர்டு பட்டியலும் தட்டச்சாகி வந்தது! பட்டியலைப் பூட்டி வைத்தால் போதாது, திருடினாலும் பயன்படாதபடி செய்ய வேண்டும் என்பது புரிந்தது. அதற்கான வழியைப் பரவலாக்கியவர்கள் பெல் ஆய்வகத்தில் இருந்தார்கள்.

யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் பணியாற்றிய ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் பாஸ்வேர்டை அப்படியே வைக்காமல், திரும்பப் பிரிக்க முடியாதபடி உருமாற்றிச் சேமிக்கும் முறையை 1979-ல் விவரித்தார்கள். கோப்பு சரி, மனிதர்கள்? 3,289 பாஸ்வேர்டுகளை ஆராய்ந்தபோது, 86 சதவீதம் மிகக் குட்டையானவை அல்லது அகராதியிலும் பெயர்ப் பட்டியலிலும் அகப்படுபவை. கோப்பைத் திருடுகிறவன் குட்டையான எழுத்துச் சேர்க்கைகளையும் அகராதிச் சொற்களையும் ஒவ்வொன்றாக உருமாற்றி ஒப்பிட்டாலே பெரும்பாலானவை சிக்கிவிடும். இந்த எச்சரிக்கையை உலகுக்கு உறைக்க வைத்தது மோரிஸின் சொந்த மகன்தான்.

1988 நவம்பர் 2-ம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மோரிஸ் ஏவிய நிரல் இணையத்தில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கியது. அது கையில் வைத்திருந்த ஆயுதங்களில் ஒன்று, 432 சொற்கள் கொண்ட சிறு பட்டியல். மனிதர்கள் எதை பாஸ்வேர்டாக வைப்பார்கள் என்ற ஊகமே அது. பல இடங்களில் பலிக்கவும் செய்தது. கடினமான பாஸ்வேர்டு வையுங்கள் என்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் வலைத்தளங்கள் பெருகி, ஒவ்வொன்றும் தனி பாஸ்வேர்டு கேட்டது. மனித மூளையோ அதே பழைய மூளை.

மூளையைத் திருத்த முடியாது என்று ஏற்றுக்கொண்டவர் புரூஸ் ஷ்னையர். 1993-ல் புளோஃபிஷ் என்ற மறையாக்க முறையை உருவாக்கி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டவர். 1997-ல் அதைக் கொண்டே விண்டோஸுக்கு 'பாஸ்வேர்டு சேஃப்' என்ற சிறு நிரலை இலவசமாக வெளியிட்டார். எல்லா பாஸ்வேர்டும் ஒரு பெட்டகத்துக்குள்; பெட்டகத்துக்கு ஒரே ஒரு பாஸ்வேர்டு. அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இன்று எந்தக் கைப்பேசியிலும் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர்களுக்கு முன்னோடி அதுதான். 2003-ல் கீபாஸ், 2006-ல் ஒன்பாஸ்வேர்டு, 2008-ல் லாஸ்ட்பாஸ், 2016-ல் பிட்வார்டன் என்று வரிசை நீண்டது. பாஸ்வேர்டுக்கு உயிர் கொடுத்த கோர்பட்டோவே 2014-ல் அது பெருந்தொல்லையாகிவிட்டது என்று வருந்தினார். இதற்கிடையே பெட்டகங்கள் பல, வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து நிறுவனங்களின் சர்வர்களுக்குக் குடிபெயர்ந்திருந்தன. பழைய வம்பு புதிய உருவில் திரும்பியது.

2022-ல் லாஸ்ட்பாஸுக்குள் புகுந்த திருடர்கள் வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகல்களை அள்ளிச் சென்றார்கள். வலைத்தள முகவரிகள் பூட்டின்றி இருந்தன. பாஸ்வேர்டுகள் மறையாக்கத்துக்குள் இருந்தன. இனி திருடன் நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம், 1988-ன் நிரல் செய்ததைப் போலவே. நீளமான முதன்மை பாஸ்வேர்டு வைத்தவர்களின் பெட்டகத்தை உடைப்பது மிகக் கடினம். எளிதானதை வைத்தவர்களுக்கு ஆபத்து. ஒவ்வொரு ஊகத்தையும் தாமதப்படுத்த கம்ப்யூட்டரைத் திரும்பத் திரும்பக் கணக்கிட வைக்கும் எண்ணிக்கை, பழைய வாடிக்கையாளர்கள் சிலரின் பெட்டகங்களில் மிகக் குறைவாக இருந்ததும் அப்போது வெளிப்பட்டது.

அறுபது ஆண்டு அனுபவம் பாஸ்வேர்டு மேனேஜரை விட்டுவிடச் சொல்லவில்லை, பார்த்து எடுக்கச் சொல்கிறது. தளத்துக்குத் தளம் வெவ்வேறு பாஸ்வேர்டை அதுவே உருவாக்கித் தருகிறது. போலி வங்கித் தளம் கண்ணை ஏமாற்றினாலும், முகவரி பொருந்தாததால் மேனேஜர் தானாக நிரப்ப மறுக்கிறது. தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்த முதன்மை பாஸ்வேர்டும், அதை எழுதி வீட்டு பீரோவில் வைத்த ஒரு தாளும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் இருந்தால் அடித்தளம் உறுதி. நிரலைப் பிறர் படித்துச் சோதிக்க அனுமதிப்பதும், பட்டியலை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல விடுவதும் நல்ல நிறுவனத்தின் அடையாளங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: முதன்மை பாஸ்வேர்டு இல்லாமலே நிறுவனத்தால் பெட்டகத்தைத் திறக்க முடியுமா? முடியும் என்றால், அந்த நிறுவனத்துக்குள் புகும் திருடனாலும் முடியும்.