நோயாளிகளுக்காக மலை ஏறிய ரயில்

எங்க அவலாஞ்சிப் பக்கம் ரயில் சத்தம் கேட்காது. தண்டவாளத்தைப் பார்க்கணும்னா எமரால்டு வழியாக ஊட்டிக்குத்தான் போகணும். போன மாதம் விதை உருளைக்கிழங்கு வாங்கப் போனப்போ கூட வந்த பேரன் ஸ்டேஷனைப் பார்த்துட்டு, "தாத்தா, இந்த ரயில் ஏன் நம்ம ஊருக்கு வரல?"ன்னு கேட்டான். பதில் தெரியல. அதுக்கப்புறம்தான் படிக்க உட்கார்ந்தேன்.

1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு வந்தார். கீழே வெயிலிலும் காய்ச்சலிலும் வாடிய வெள்ளைக்காரர்களுக்கு உடம்பு தேற நல்ல இடம் கிடைத்துவிட்டது. ஊட்டி சுகவாசஸ்தலம் ஆனது, வெலிங்டனில் பட்டாளத்துக்குக் குடியிருப்பு வந்தது. ஆனால் நோயாளி மலை ஏறணுமே! 1873இல் ரயில் மேட்டுப்பாளையத்துக்கு வந்துவிட்டது. அதுக்கு மேலே குதிரை, மாட்டு வண்டி, டோங்கா, இல்லாட்டி ஆள் தூக்குற பல்லக்கு. காய்ச்சல்காரன் அதில் குலுங்கிக் குலுங்கி வந்து சேர்ந்தால் தேறுவானா?

மலை ரயில் போடலாம் என்ற பேச்சு 1854லேயே எழுந்திருக்கிறது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல்! 45 வருஷம். பன்னிரண்டரை அடி போனால் ஒரு அடி ஏற்றம், சாதாரண சக்கரம் வழுக்கிவிடும். அதனால் கல்லாறிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை போட்டார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறும். சுவிட்சர்லாந்துக்காரர் ஆப்ட் கண்டுபிடித்த முறை. இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளும். பெட்டி உருண்டுவிடக் கூடாதே. ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் பிடிக்கத் தனி ஆள் வேறு.

ஊட்டியைத் தொட இன்னும் ஒன்பது வருஷம், 1908. மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டரில் கிளம்பி 2,203 மீட்டரில் நிற்கிறது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் என்று அறிவித்தது.

சுகவாசஸ்தலம் வந்ததும் வேலை முடிந்தது, ரயில் நின்றுவிட்டது. எங்க பக்கம் பெரிய வேலை என்று வந்தது 1950களில், கனடா உதவியோடு தொடங்கிய குந்தா மின் திட்டம்தான். எங்க காய்கறி இன்னைக்கும் லாரியில்தான் மேட்டுப்பாளையம் இறங்குது.

2009 நவம்பர் மழையில் மலை பல இடத்தில் சரிந்து 40 பேருக்கு மேல் போனார்கள். ரோடும் அடைபட்டது, ரயில் பாதையிலும் மண். நான் பிடுங்கிக் கழுவி மூட்டை கட்டின கேரட் கொட்டகையிலேயே அழுகிப்போச்சு. எங்க ஊருக்குப் பேரே மலைச்சரிவால் வந்தது, வெள்ளைக்காரன் வைத்தது. ரயிலே இங்கே வந்திருந்தாலும் அன்னைக்கு ஓடியிருக்காது.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். பாதியில் தூங்கிவிட்டான். கேரட் எடுப்பு முடிந்ததும் ஊட்டியிலிருந்து குன்னூர் வரை ரயிலில் கூட்டிப்போவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.