200 ஆவரேஜ்: ஒரு எண் எப்படி மலிவாச்சு?

"இந்த பௌலரோட ஆவரேஜ் 200"னு யாராவது சொன்னா, கிரிக்கெட் பார்க்கிற நாம முதல்ல அவரை டீம்ல இருந்து தூக்கச் சொல்வோம். இன்னைக்குப் பேசப்போறது வேற பௌலிங். மால்ல கனமான பந்தை உருட்டி பத்து பின்களைச் சாய்க்கிறோமே, அந்த டென்பின் பௌலிங். அமெரிக்காவில் அதை வாராவாரம் லீக் வச்சு ஆடுறாங்க. அங்கே 200 ஆவரேஜ் ஒரு காலத்தில் அபூர்வம். இன்னைக்கு அப்படி ஒருத்தரைப் பார்த்தா யாரும் திரும்பிக்கூடப் பார்க்கிறதில்லை. இடையில் என்ன நடந்தது?

முதல்ல ஒரு கணக்கு. ஒரு ஆட்டத்தில் அதிகபட்ச ஸ்கோர் 300. அதுக்கு வரிசையா 12 ஸ்ட்ரைக் போடணும். 1895இல் தொடங்கிய அமெரிக்கன் பௌலிங் காங்கிரஸ்தான் இந்த ஸ்கோர்களை அங்கீகரிச்ச அமைப்பு. 1968-69 சீசனில் அவங்க அங்கீகரிச்ச 300கள் 905. முப்பது வருஷம் கழிச்சு, 1998-99இல், 34,470. சுமார் 38 மடங்கு! அதுவும் லீக் ஆடுறவங்க எண்ணிக்கை குறைஞ்சுக்கிட்டு இருந்த காலத்தில். மனுஷங்க 38 மடங்கு திறமைசாலி ஆகிட்டாங்கன்னு நம்ப முடியுமா?

மாறினது ரெண்டு விஷயம். ஒண்ணு, பந்து. ஆரம்பத்தில் மரம், அப்புறம் ரப்பர், அப்புறம் பாலியெஸ்டர். 1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின். இந்தக் கடைசி வகை லேனை நல்லா பிடிச்சு, சட்டுனு வளைஞ்சு உள்ளே பாயும். பின்களை நோக்கிச் சுமார் 6 டிகிரி கோணத்தில் நுழையும் பந்துக்கு ஸ்ட்ரைக் வாய்ப்பு அதிகம். நேரா போற பந்துக்கு அந்தக் கோணம் கிடைக்கவே கிடைக்காது.

ரெண்டாவது, எண்ணெய். 60 அடி நீள லேன் மேல எண்ணெய் பூசுவாங்க. கண்ணுக்கு அது சரியா தெரியாது. ஆனா கிரிக்கெட்டில் பிட்ச் செய்ற வேலை முழுக்க இங்கே அதுதான் செய்யுது. நடுவில் நிறைய எண்ணெய், ஓரத்தில் கொஞ்சம். பந்தைக் கொஞ்சம் வெளியே விட்டுட்டீங்களா? காய்ந்த ஓரம் அதைப் பிடிச்சு உள்ளே திருப்பி அனுப்பும். கொஞ்சம் உள்ளே விட்டுட்டீங்களா? எண்ணெயில் வழுக்கி, வளையாம, அதே இடத்துக்கு வந்து சேரும். சின்னத் தப்பை லேனே திருத்திக் கொடுக்குது. பேட்ஸ்மேனுக்குத் தார் ரோடு மாதிரி பிட்ச் போட்டுக் கொடுக்கிற கதைதான். லேன் முதலாளிகளுக்கு இதில் லாபம் இருந்தது: ஸ்கோர் ஏறினா வாடிக்கையாளர் சந்தோஷமா திரும்பி வருவார்.

இங்கேதான் கிளென் ஆலிசன் வர்றார். தொழில்முறைப் போட்டிகளில் பட்டங்கள் வென்றவர். 1982 ஜூலை 1, கலிபோர்னியா, லா ஹாப்ரா பௌல். 52 வயசில், லீக் இரவில் அடுத்தடுத்து மூணு 300. மொத்தம் 36 ஸ்ட்ரைக், 900 புள்ளி. அதுவரை யாரும் செய்யாதது. ஆனா காங்கிரஸ் அதை ஏத்துக்கலை. லேனில் எண்ணெய் இருந்த விதம் விதிப்படி இல்லைன்னு சொல்லிட்டாங்க. அங்கீகாரம் பெற்ற முதல் 900 வந்தது 1997 பிப்ரவரி 2 அன்று, நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனில். போட்டவர் ஜெரமி சோனன்ஃபெல்ட் என்ற கல்லூரி மாணவர். அதுக்கு அப்புறம் 30க்கும் மேற்பட்ட 900கள் பதிவாகிடுச்சு.

என் வேலை சாஃப்ட்வேர். டெஸ்டை எளிதாக்கிட்டு "எல்லாமே பாஸ்"னு பச்சை விளக்கு காட்டினா, கோடு மேம்பட்டதா அர்த்தமில்லைன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா ஆலிசன் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. அதே ராத்திரி, அதே மாதிரி லேன்ல இன்னும் பலர் உருட்டியிருப்பாங்க. 36 தடவை கை நடுங்காம விட்டது அவர் மட்டும்தான். லேன் உதவி செஞ்சிருக்கலாம். திறமையும் அங்கே இருந்தது. ரெண்டையும் ஒரே எண்ணுக்குள்ள போட்டுட்டா, எது எவ்வளவுன்னு பிரிக்க முடியாது. சிக்கல் அதுதான்.

2000இல் இதுக்கு ஒரு பதில் வந்தது: ஸ்போர்ட் லீக். எண்ணெயைச் சமமா பூசி, தப்பை லேன் திருத்தாதபடி செஞ்சாங்க. சாதாரண லீக்ல 200க்கு மேல வச்சிருக்கிறவர் இங்கே வந்தா ஆவரேஜ் சர்ருனு இறங்கும். அதனாலயே பலர் அந்தப் பக்கம் வர்றதில்லை.

ஸ்கோர் ஏறியும் கூட்டம் நிற்கலை. ராபர்ட் புட்னம் கவனிச்சது இது: 1980க்கும் 1993க்கும் இடையில் பௌலிங் ஆடுறவங்க 10 சதவீதம் கூடினாங்க, லீக் ஆட்டம் 40 சதவீதம் சரிஞ்சது. அவர் அதுக்குச் சொன்ன காரணங்கள் வேற, சமூகம் சார்ந்தவை. ஆனா உயர்ந்த ஸ்கோர் மட்டும் யாரையும் லீக்ல பிடிச்சு வைக்கலைங்கிறது தெளிவு.

இனிமே யாராவது ஆவரேஜ் சொன்னா, "எந்த லேன்ல?"னு ஒரு கேள்வி கேளுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.