குதிரைகள் போன பிறகும் நிற்கும் லாயம்

இங்கிலாந்தின் தென் யோர்க்‌ஷயரில், ரொதர்ஹாம் நகருக்கு அருகே வென்ற்வேர்த் வூட்ஹவுஸ் மாளிகை இருக்கிறது. அதன் வளவுக்குள் முதன்முறை செல்பவர்கள் குதிரை லாயத்தையே மாளிகை என்று எண்ணிவிடக்கூடும். அவ்வளவு பெரிய கட்டடம் அது.

இரு தடவை பிரித்தானியப் பிரதமராக இருந்த ரொக்கிங்ஹாம் பிரபுவுக்குப் பந்தயக் குதிரைகளில் பெரும் பித்து. 1760களின் பிற்பகுதியில் யோர்க் நகரக் கட்டடக் கலைஞர் ஜோன் கார் அவருக்காக இந்த லாயத்தைக் கட்டத் தொடங்கினார். நடுவில் முற்றம் விட்டு நான்கு பக்கமும் கற்கட்டடம். முன்பக்கத்தில் வளைவு வாயில், அதற்கு மேலே முக்கோண முகப்பு, உச்சியில் சிறு குவிமாடம். எண்பதுக்கு மேற்பட்ட குதிரைகளைக் கட்டலாம். மழையிலும் பயிற்சி கொடுக்க, கூரை போட்ட சவாரிக்கூடமும் உண்டு. அக்கால லாயங்களில் வைக்கோலும் குதிரைக்காரரின் படுக்கையும் பெரும்பாலும் மேல்மாடியில்தான். மனிதருக்குக் கிடைத்தது குதிரைக்கு மேலேயிருந்த மிச்ச இடம்.

இரண்டாம் உலகப் போரில் இராணுவப் புலனாய்வுப் படையணி மாளிகையில் வந்து தங்கியது. போர் முடிந்தால் இராணுவம் போய்விடும், காணி பழையபடி கைக்கு வரும் என்பது எல்லா இடத்திலும் உள்ள எதிர்பார்ப்புத்தான். இங்கே 1946இல் வந்தவை நிலக்கரி தோண்டும் இயந்திரங்கள். எரிபொருள் அமைச்சர் ஷின்வெல்லின் உத்தரவின்பேரில் திறந்தவெளிச் சுரங்கம் பூந்தோட்டத்தை விழுங்கி, மாளிகையின் வாசல்வரை வந்தது. முதிர்ந்த மரங்கள் பிடுங்கப்பட்டன. மண் மலைபோல் குவிந்தது.

அதை எதிர்த்தவர்களில் உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளரும் இருந்தனர். அவர்களின் தலைவர் ஜோ ஹோல் அரசிடம் நேரடியாகவே முறையிட்டார். பிரபு குடும்பத்தின் செல்வத்தில் பெரும்பங்கு இந்தத் தொழிலாளர் வெட்டிய கரியிலிருந்து வந்தது. ஆனாலும் அந்தத் தோட்டத்தைத் தங்கள் ஊரின் சொத்தாகவே அவர்கள் பார்த்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அரசு கேட்கவில்லை.

மாளிகை இடிபடாமல் தப்பியதற்கு ஒரு கல்லூரி காரணம். பிரபு குடும்பத்துப் பெண்ணும் சோசலிசவாதியுமான லேடி மேபல் ஸ்மித்தின் முயற்சியால், உடற்கல்வி ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் கல்லூரி இங்கு வந்தது. லாயமும் கல்லூரிப் பாவனைக்கு மாற்றப்பட்டது. 1979இல் அக்கல்லூரி ஷெஃபீல்ட் பொலிரெக்னிக்குடன் இணைந்தது. பின்னர் அவர்களும் வெளியேறினர்.

2017இல் ஒரு பாதுகாப்பு அறக்கட்டளை 70 இலட்சம் பவுணுக்கு மாளிகையை வாங்கியது. முதலில் கூரை வேலை. லாயத்தைப் பாவனைக்குக் கொண்டுவரும் வேலையும் அவர்களின் திட்டத்தில் உண்டு. ரொக்கிங்ஹாமின் புகழ்பெற்ற குதிரை விசில்ஜக்கெற்றை ஜோர்ஜ் ஸ்ரப்ஸ் ஏறத்தாழ உயிரளவில் வரைந்த ஓவியம், 1997 முதல் லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்குச் சொந்தமாக இருக்கிறது.